புரோட்டியோமிக்ஸ், மெட்டபாலோமிக்ஸ் தரவு: எந்த மென்பொருள், அது தரும் பட்டியலில் எதை நம்புவது?

இளவேனில்_ஆய்வு

வணக்கம் நண்பர்களே. ஒரே செல் மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் புரதங்களையும் மறு பங்கில் வளர்சிதைப் பொருள்களையும் (செல்லின் வளர்சிதை மாற்றத்தில் வரும் சிறு மூலக்கூறுகள்) எல்சி-எம்எஸ்ஸில் (திரவ நிறப்பிரிகையில் பிரித்து நிறையை அளக்கும் முறை) ஓட்டியிருக்கிறோம். முதலாவது புரோட்டியோமிக்ஸ், இரண்டாவது மெட்டபாலோமிக்ஸ். கருவி ஆர்பிட்ராப் என்ற துல்லியம் மிகுந்த நிறைமானி. புரதத்தில் முதல் தொகுதி டிடிஏ, இரண்டாம் தொகுதி டிஐஏ; அயனிகளை உடைத்து அளக்கும் இரண்டு வெவ்வேறு வழிகள். வளர்சிதைப் பொருள்கள் பாசிட்டிவ், நெகட்டிவ் அயனி முறை இரண்டிலும் எடுத்தவை.

புரதங்களை அடையாளம் காணும் மேக்ஸ்குவான்ட், ஃபிராக்பைப் மென்பொருள்கள் இரண்டிலும் டிடிஏ கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன். பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஃபிராக்பைப்பில் மட்டும் வரும் புரதங்களில் இரண்டு எங்கள் ஆய்வுக்கு முக்கியமானவை. அவற்றை நம்பலாமா? மெட்டபாலோமிக்ஸில் குழப்பம் இன்னும் அதிகம். எக்ஸ்சிஎம்எஸ் என்ற மென்பொருள் தரும் ஃபீச்சர் (பீக்காகத் தெரியும் சமிக்ஞை) எண்ணிக்கையும் எம்இசட்மைன் தருவதும் கிட்டத்தில்கூட வரவில்லை. எந்த மென்பொருளோடு மேலே போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கதிர்_மாஸ்ஸ்பெக்

வணக்கம் இளவேனில். மென்பொருளைத் தேர்வு செய்வதற்கு முன்னால் தரவு எப்படி எடுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

டிடிஏ என்றால், அந்த நொடியில் பலமாகத் தெரியும் சில அயனிகளைக் கருவி பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாக உடைக்கிறது. அதனால் ஒரு எம்எஸ்2 நிறமாலைக்கு (உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டுவது) அநேகமாக ஒரு பெப்டைடு (புரதத்தை வெட்டிக் கிடைக்கும் சிறு துண்டு). டிஐஏ அப்படி இல்லை. ஒரு நிறை ஜன்னலுக்குள் வரும் எல்லா அயனிகளையும் மொத்தமாக உடைக்கிறது. 2012இல் ஸ்வாத் என்ற பெயரில் பரவலானது இந்த வழிதான். அதில் ஒரே நிறமாலையில் பல பெப்டைடுகளின் துண்டுகள் கலந்து கிடக்கும். பிரித்தெடுக்க வேறு வகைக் கணக்கு வேண்டும்.

டிடிஏவுக்கு மேக்ஸ்குவான்ட் தாராளமாகப் போதும். 2008இல் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் காக்ஸும் மானும் வெளியிட்டது, இன்றைக்கும் உழைக்கிறது. ஃபிராக்பைப்பின் உள்ளே ஓடும் எம்எஸ்ஃபிராகர் 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நெஸ்விஷ்ஸ்கி குழுவிலிருந்து வந்தது. துண்டு அயனிகளை முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைப்பதால் அதன் வேகம் அபாரம். எதிர்பாராத மாற்றங்களைத் தேடும் திறந்த தேடலுக்கு அதுதான் சரி. டிஐஏவுக்கு டயா-என்என் (2020). நிறமாலை நூலகம் கையில் இல்லாவிட்டாலும் ஃபாஸ்டா கோப்பிலிருந்தே (புரத வரிசைகளின் பட்டியல்) நிறமாலைகளைக் கணித்துக்கொண்டு தேடும். காசு கொடுத்து வாங்குவது என்றால் ஸ்பெக்ட்ரோநாட்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். டிடிஏ தொகுதியின் அளவுகளையும் டிஐஏ தொகுதியின் அளவுகளையும் ஒரே அட்டவணையில் ஒட்டி ஒப்பிடாதீர்கள். தனித்தனியாக முடிவுக்குக் கொண்டுவந்து, ஏற்ற இறக்கத்தின் திசை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

திறமூலம்

கதிர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இரண்டு பட்டியல்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதையும் பார்த்துவிடுவோம். மென்பொருளைக் குறை சொல்லும் முன் இவற்றைச் சமப்படுத்தியிருக்கிறீர்களா?

இரண்டுக்கும் கொடுத்தது ஒரே ஃபாஸ்டா கோப்புதானா? ஒன்றில் யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தின் சரிபார்க்கப்பட்ட பகுதி மட்டும், இன்னொன்றில் ஐசோஃபார்ம்களும் (ஒரே மரபணுவின் வேறு புரத வடிவங்கள்) சேர்த்து என்றால் பட்டியல் மாறத்தான் செய்யும். மாறும் மாற்றங்களாக (சில பெப்டைடுகளில் மட்டும் இருக்கக்கூடிய வேதி மாற்றங்கள்) எதையெல்லாம் வைத்தீர்கள்? மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் 15.9949, புரத முனை அசிட்டைல் 42.0106 (கூடும் நிறை, டால்டனில்) என்பது வழக்கம். ஒன்றில் டீஅமிடேஷனும் (அமைடு தொகுதி அமிலமாக மாறுவது) சேர்ந்திருக்கலாம். மேட்ச் பிட்வீன் ரன்ஸ் இரண்டிலும் போட்டிருக்கிறதா? ஒரு ஓட்டத்தில் அடையாளம் காணாத பெப்டைடை, நிறையும் நேரமும் ஒத்துப்போவதை வைத்து இன்னொரு ஓட்டத்திலிருந்து கடன் வாங்குவது அது. ஒன்றில் போட்டு ஒன்றில் போடாவிட்டால், விடுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கையே வேறாகிவிடும்.

கடைசியாக, புரதக் குழுவாக்கம். ஒரே பெப்டைடு இரண்டு மூன்று புரதங்களுக்குப் பொதுவாக இருக்கும்போது அதை யார் கணக்கில் எழுதுவது என்பதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விதி. மேக்ஸ்குவான்ட்டில் ஒரு குழுவின் தலைப்புப் புரதமாக இருப்பது ஃபிராக்பைப்பில் வேறொரு குழுவுக்குள் ஒளிந்திருக்கும். பெயரை வைத்து ஒப்பிட்டால் இல்லாதது போலத் தோன்றும். பெப்டைடு அளவில் ஒப்பிடுங்கள்.

மலர்விழி_உயிர்வேதி

எஃப்டிஆர் (பட்டியலில் தவறானவற்றின் மதிப்பிட்ட விழுக்காடு) பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தேடல் மென்பொருள்கள் 1994இன் சீக்வெஸ்ட் காலத்திலிருந்தே ஒவ்வொரு நிறமாலைக்கும் மிகவும் பொருந்தும் பெப்டைடை மதிப்பெண்ணோடு கொடுத்துவந்தன. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்புவது என்பதுதான் நீண்டநாள் தலைவலி. இலக்கு-போலி முறை அதற்கு ஒரு நேர்மையான வழி. உண்மையான வரிசைகளோடு, திருப்பிப் போட்ட போலி வரிசைகளையும் சேர்த்துத் தேடுவார்கள். போலியில் எத்தனை விழுகிறதோ, ஏறக்குறைய அத்தனை தவறுகள் உண்மைப் பக்கத்திலும் இருக்கும் என்பது கணக்கு.

1% எஃப்டிஆர் என்பது மொத்தப் பட்டியலைப் பற்றிய கூற்று. உங்கள் இரண்டு புரதங்களில் ஒவ்வொன்றும் 99% சரி என்று அதற்குப் பொருள் இல்லை. வரம்பின் ஓரத்தில், ஒரே பெப்டைடை நம்பி நிற்கும் புரதம் அதைவிடப் பல மடங்கு சந்தேகத்துக்குரியது. பெப்டைடு அளவில் 1% என்று நிறுத்திவிட்டுப் புரத அளவில் வடிகட்டாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். சரியான பெப்டைடுகள் ஒரே புரதத்தில் குவியும். தவறானவை ஆளுக்கொரு புரதத்தில் போய் விழும். அதனால் புரதப் பட்டியலில் தவறின் பங்கு ஏறிவிடும்.

இளவேனில், அந்த இரண்டு புரதங்களுக்கும் எத்தனை தனித்துவமான பெப்டைடுகள் என்று பார்த்தீர்களா?

இளவேனில்_ஆய்வு

பார்த்தேன் அக்கா. ஒன்றுக்கு நான்கு. இன்னொன்றுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் டீஅமிடேஷன் ஆன வடிவத்தில் மட்டும்.

கதிர்_மாஸ்ஸ்பெக்

டீஅமிடேஷன் மட்டும் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

டீஅமிடேஷன் ஆனால் நிறை 0.9840 கூடும். சாதாரணப் பெப்டைடின் முதல் கார்பன்-13 ஐசோடோப்பு 1.00335 கூடுதலாக நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.0193தான். இரட்டை மின்னேற்றம் உள்ள பெப்டைடில் அது 0.0097 ஆகச் சுருங்கும். எம்/இசட் (நிறையை மின்னேற்றத்தால் வகுத்தது) 700 வாக்கில் ஏறத்தாழ 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு). முன்னோடி அயனிக்கு (உடைவதற்கு முந்தையது) 20 பிபிஎம் தளர்வு கொடுத்திருந்தால், கருவி ஐசோடோப்புப் பீக்கைப் பிடித்து உடைத்ததை மென்பொருள் "டீஅமிடேஷன் ஆன பெப்டைடு" என்று பெயர் சூட்டிவிடும். மேக்ஸ்குவான்ட் முதலில் 20 பிபிஎம்மில் தேடி, நிறைப் பிழையைத் திருத்திக்கொண்டு, முக்கியத் தேடலை 4.5 பிபிஎம்மில் நடத்துகிறது. அதில் இப்படிப்பட்டவை உதிர்ந்துபோவது இயல்பு.

அந்தப் பெப்டைடின் நிறைப் பிழை என்ன என்று பட்டியலில் பாருங்கள். மற்ற பெப்டைடுகள் எல்லாம் சுழியை ஒட்டி இருக்கும்போது இது மட்டும் தூரத்தில் நின்றால் விஷயம் தெளிவு.

மலர்விழி_உயிர்வேதி

அதோடு ஸ்கைலைனில் திறந்து கண்ணால் பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெக்காஸ் குழு உருவாக்கியது, 2010இல் கட்டுரை வந்தது, திறமூல மென்பொருள். விண்டோஸில்தான் ஓடும். இலக்கு வைத்த அளவீடுகளுக்காக எழுதியது என்றாலும் டிடிஏ, டிஐஏ இரண்டையும் திறக்கும்.

துண்டு அயனிகளின் குரோமட்டோகிராம்கள் (நேரத்தோடு அளவு ஏறி இறங்கும் கோடுகள்) எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் இறங்குகின்றனவா? ஒன்று மட்டும் தள்ளிப்போய் உச்சம் தொடுகிறதா? எம்எஸ்1இல் (உடைக்காத அயனிகளின் நிறமாலை) ஐசோடோப்புகளின் விகிதம் எதிர்பார்த்தபடி இருக்கிறதா? புரோசிட் கணித்துத் தரும் நிறமாலையோடு துண்டுகளின் உயர வரிசை பொருந்துகிறதா? இந்த நாலைந்தைப் பார்த்தாலே போதும், எந்த மதிப்பெண்ணும் சொல்லாததை அது சொல்லும். கட்டுரையின் முதல் படத்தில் போகவிருக்கும் ஒவ்வொரு புரதத்தையும் இப்படித் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆர்_நிரலாளன்

ஆயிரக்கணக்கான பெப்டைடுகளை யார் கண்ணால் பார்ப்பது? கையால் பார்ப்பதில் பார்ப்பவரின் விருப்பமும் கலந்துவிடும். வேண்டிய புரதம் என்றால் மங்கலான பீக்கும் நல்ல பீக்காகத் தெரியும். மதிப்பெண்களை மறுமதிப்பீடு செய்யும் பெர்கொலேட்டர் போன்றவை எதற்கு இருக்கின்றன?

மலர்விழி_உயிர்வேதி

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. முடிவு எதன் மேல் நிற்கிறதோ அவற்றை மட்டும். விருப்பம் கலக்கும் என்பது உண்மைதான். அதற்கு மாதிரிப் பெயர்களை மறைத்துவிட்டுப் பார்க்கலாம், இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். பெர்கொலேட்டர் மொத்தப் பட்டியலைச் சீராக்கும். உங்கள் ஒரு பெப்டைடின் பீக்குக்குள் இன்னொரு பொருள் கலந்து வருகிறதா என்று அது தனியாக வந்து எச்சரிக்காது.

நுண்பொருள்_தேடி

மெட்டபாலோமிக்ஸ் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், ஃபீச்சர் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் பயனே இல்லை. ஃபீச்சர் என்பது எம்/இசட்டும் நேரமும் சேர்ந்த ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு பொருளே பல ஃபீச்சர்களாகச் சிதறி நிற்கும். குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 180.0634. பாசிட்டிவில் புரோட்டான் ஏறினால் 181.0707. சோடியம் ஏறினால் 203.0526, சர்க்கரைகளில் பெரும்பாலும் இதுதான் பலமாக இருக்கும். அம்மோனியம் ஏறினால் 198.0972. நீர் மூலக்கூறு ஒன்று கழன்றால் 163.0601. ஒவ்வொன்றுக்கும் கார்பன்-13 துணைப் பீக் வேறு. நெகட்டிவில் 179.0561. இத்தனையும் ஒரே குளுக்கோஸ். இவற்றைத் தனித்தனியாக எண்ணிவிட்டு "இத்தனை வளர்சிதைப் பொருள்கள் மாறின" என்று எழுதினால் அது தவறான அறிவியல். எக்ஸ்சிஎம்எஸ்ஸோடு கேமரா என்ற நிரல் தொகுப்பைச் சேர்த்தால் இவற்றை ஒன்றாகக் கட்டித் தரும். எம்இசட்மைனிலும் எம்எஸ்-டயலிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, எக்ஸ்சிஎம்எஸ்ஸில் இயல்புநிலை அமைப்புகளோடு ஓட்டினீர்களா? பீக்குகளைக் கண்டறியும் அதன் சென்ட்வேவ் முறையில் பீக் அகலத்தின் இயல்புநிலை 20 முதல் 50 வினாடி. உங்களுடையது யுஎச்பிஎல்சி (மிக வேகமான திரவ நிறப்பிரிகை) என்றால் பீக்குகள் பல 5, 10 வினாடிக்குள் முடிந்துவிடும். ஒட்டி நிற்கும் இரண்டு பீக்குகளை அது ஒன்றாக்கிவிடும், குறுகியவற்றை விட்டுவிடும். பிபிஎம் இயல்புநிலை 25. ஆர்பிட்ராப்புக்கு அது தாராளம். உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பொருள்களின் பீக்கைத் திறந்து, அடிப்பகுதியின் அகலத்தை வினாடியில் அளந்து அதையே கொடுங்கள். எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

திறமூலம்

இதில் ஒன்று சேர்க்கிறேன். சென்ட்வேவுக்குச் சென்ட்ராய்டு தரவுதான் (பீக்கின் முழு வடிவத்துக்குப் பதில் மைய நிறையை மட்டும் வைத்திருப்பது) வேண்டும். கோப்பு வடிவத்தை மாற்றும் எம்எஸ்கன்வர்ட்டில் ரா கோப்பைப் பொது வடிவமான எம்இசட்எம்எல் ஆக்கும்போது பீக் பிக்கிங் வடிகட்டியைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள். அதற்கு முன்னால் வேறு வடிகட்டி இருந்தால் கருவி நிறுவனத்தின் நிரல் வேலை செய்யாது, தரம் குறையும். எச்சரிக்கை ஏதும் பெரிதாகக் கண்ணில் படாது என்பதால் இதைப் பலர் கவனிப்பதே இல்லை. லினக்ஸில் வேலை என்றால் தெர்மோ நிறுவனக் கருவிகளின் கோப்புகளுக்கு தெர்மோராஃபைல்பார்சர் இருக்கிறது.

இளவேனில்_ஆய்வு

ஆமாம், இயல்புநிலை அமைப்புகள்தான். அகலத்தை அளந்து மாற்றுகிறேன். அப்புறம், பெயர் சூட்டுவது எப்படி? எச்எம்டிபி என்ற வளர்சிதைப் பொருள் தரவுத்தளத்தில் நிறையைப் போட்டால் ஒரே எண்ணுக்குப் பத்துப் பதினைந்து பெயர்கள் வருகின்றன.

நுண்பொருள்_தேடி

வரத்தான் செய்யும். நிறையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டவே முடியாது. 180.0634 குளுக்கோஸாகவும் இருக்கலாம், ஃபிரக்டோஸாகவும் இருக்கலாம், காலக்டோஸாகவும் இருக்கலாம், இனோசிட்டாலாகவும் இருக்கலாம். கருவியின் துல்லியம் எவ்வளவு கூடினாலும் ஒரே வாய்பாடு கொண்ட மாற்றியங்களைப் பிரிக்காது.

இதற்குத்தான் 2007இல் மெட்டபாலோமிக்ஸ் தர முன்னெடுப்பு நான்கு நிலைகளை வகுத்தது. அசல் தரப்பொருளை அதே கருவியில், அதே நிபந்தனையில் ஓட்டி, நேரம் போன்ற குறைந்தது இரண்டு பண்புகள் பொருந்தினால் முதல் நிலை. நூலக நிறமாலையோடு மட்டும் பொருந்தினால் இரண்டு. பொருள்களின் வகை மட்டும் தெரிந்தால் மூன்று. எதுவும் தெரியாதது நான்கு. அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நிலை எண்ணை எழுதுங்கள். வாசிப்பவருக்கு நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி அது.

எம்எஸ்2 எடுத்திருக்கிறீர்கள் என்றால் எம்இசட்மைனிலிருந்து ஜிஎன்பிஎஸ் என்ற இணையத் தளத்துக்கு அனுப்புங்கள். நிறமாலைகள் ஒத்தவற்றை அது வலையாகக் கோத்துத் தரும். பெயர் தெரிந்த ஒன்றின் அருகில் நிற்கும் பெயர் தெரியாதவற்றின் வகையை அதிலிருந்து ஊகிக்கலாம். யேனாவில் போக்கர் குழு எழுதிய சிரியஸ், ஐசோடோப்பு வடிவத்தையும் துண்டு மரத்தையும் வைத்து மூலக்கூறு வாய்பாட்டைச் சொல்லும். அதோடு வரும் சிஎஸ்ஐ ஃபிங்கர்ஐடி, அமைப்பு எதுவாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்தும். வாய்பாட்டை உங்கள் கணினியிலேயே கணக்கிடலாம். அமைப்புத் தேடலுக்கு இணைய இணைப்பு வேண்டும். கொழுப்புகள்தான் உங்கள் ஆர்வம் என்றால் எம்எஸ்-டயலை விடாதீர்கள், அதன் லிப்பிட் நூலகம் வலுவானது.

புரோட்டியோமிக்ஸில் உள்ளது போன்ற எளிய எஃப்டிஆர் இங்கே இல்லை. பெப்டைடு வரிசையைத் திருப்பிப் போட்டுப் போலி செய்யலாம். குளுக்கோஸை எப்படித் திருப்பிப் போடுவது? முயற்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் அது இன்னும் நிலைபெறவில்லை. அதனால்தான் தரப்பொருள் வாங்கி ஓட்டுவதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆர்_நிரலாளன்

புள்ளியியலுக்கு வருகிறேன். பெர்சியஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் விடுபட்ட மதிப்புகளை இட்டு நிரப்பும் இயல்புநிலை தெரியுமா? பரவலின் மையத்திலிருந்து 1.8 திட்ட விலக்கம் கீழே தள்ளி, 0.3 அகலமுள்ள குறுகிய பரவலிலிருந்து எண்களை எடுக்கும். "காணவில்லை என்றால் குறைவாக இருக்கிறது" என்ற அனுமானம் அதில் இருக்கிறது. உண்மையிலேயே கண்டறியும் வரம்புக்குக் கீழே போனவற்றுக்கு அது பொருந்தும். டிடிஏவில் கருவி பொறுக்காமல் விட்டதால் காணாமல் போனவற்றுக்குப் பொருந்தாது.

ஆபத்து எங்கே என்றால்: ஒரு பக்கம் மூன்று மாதிரியிலும் இருந்து, மறுபக்கம் மூன்றிலும் காணாத புரதத்துக்கு, நிரப்பிய மூன்று எண்களும் நெருங்கி நிற்கும். சிதறல் சிறிதாகத் தெரியும், பி-மதிப்பு பிரமாதமாக வரும். எரிமலைப் படத்தின் (மாற்றத்தின் அளவையும் பி-மதிப்பையும் சேர்த்துக் காட்டுவது) உச்சியில் அது உட்கார்ந்துவிடும். அளக்காத எண்களின் மேல் கட்டிய முடிவு அது. ஆர் மொழியின் எம்எஸ்ஸ்டாட்ஸ் தொகுப்பு பெப்டைடு அளவிலிருந்தே புள்ளியியல் மாதிரியாக்கம் செய்கிறது. நான் அதையோ, நிரப்பாமல் லிம்மா தொகுப்பையோதான் சொல்வேன்.

கதிர்_மாஸ்ஸ்பெக்

லிம்மாவுக்கு ஆதரவு. ஆனால் நிரப்புதலை முழுக்க ஒதுக்குவதற்கும் இல்லை. ஒரு பக்கம் அறவே இல்லாத புரதம்தான் சில ஆய்வுகளில் மிகச் சுவையான செய்தி. நிரப்பாமல் விட்டால் லிம்மாவால் அதற்கு எண் தரவே முடியாது. அவற்றைத் தனிப் பட்டியலாக, "இங்கே எல்லாவற்றிலும் இருக்கிறது, அங்கே எதிலும் இல்லை" என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். எந்த எண்கள் நிரப்பப்பட்டவை என்று படத்தில் வேறு நிறத்தில் காட்டினாலும் சரி.

ஆர்_நிரலாளன்

தனிப் பட்டியல் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. நிறம் காட்டியும் பி-மதிப்பைப் போடுவதைத்தான் ஏற்க மாட்டேன்.

மலர்விழி_உயிர்வேதி

மெட்டபாலோமிக்ஸில் கியூசி (தரக் கட்டுப்பாட்டு) மாதிரிகள் ஓட்டியிருக்கிறீர்களா இளவேனில்? எல்லா மாதிரிகளிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, இடையிடையே ஓட்டுவது. ஓட்டம் நீள நீளக் கருவியின் உணர்திறன் நகரும். அதைத் திருத்த இவை வேண்டும். கியூசிக்குள்ளேயே ஒப்புத் திட்ட விலக்கம் 30 விழுக்காட்டைத் தாண்டும் ஃபீச்சர்களை நீக்குவது பொதுவான வழக்கம். பிளாங்க்கிலும் (செல் இல்லாத வெற்று மாதிரி) அதே அளவு தெரியும் ஃபீச்சர்கள் உங்கள் செல்லிலிருந்து வந்தவை அல்ல, கரைப்பானிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ வந்தவை. புரதப் பக்கம் தோல், முடியிலிருந்து வரும் கெரட்டினையும் புரதத்தை வெட்டச் சேர்த்த டிரிப்சினையும் நீக்குவது போலத்தான்.

இளவேனில்_ஆய்வு

கியூசி, பிளாங்க் இரண்டும் இருக்கின்றன அக்கா.

நிலவரம் சொல்லிவிடுகிறேன். நான்கு பெப்டைடுகள் உள்ள புரதம் ஸ்கைலைனில் நன்றாக நிற்கிறது. துண்டுகள் சேர்ந்தே எழுந்து இறங்குகின்றன, டிஐஏ தொகுதியிலும் அதே திசையில் மாறுகிறது. மேக்ஸ்குவான்ட்டிலும் அது இருந்திருக்கிறது. திறமூலம் சொன்னபடி வேறொரு குழுவுக்குள். ஒற்றைப் பெப்டைடு புரதத்தின் நிறைப் பிழை மற்றவற்றிலிருந்து 13 பிபிஎம் தள்ளி நிற்கிறது. அதை எடுத்துவிடுகிறேன். எக்ஸ்சிஎம்எஸ்ஸில் பீக் அகலத்தை மாற்றியதும் எம்இசட்மைனில் மட்டும் இருந்த ஃபீச்சர்கள் பலவும் வந்துவிட்டன.

இன்னொரு கேள்வி. இலவசம் என்று ஓட்டுகிறோம், உரிமச் சிக்கல் ஏதும் வருமா? எங்களோடு ஒரு நிறுவனமும் சேர்ந்து வேலை செய்கிறது.

திறமூலம்

கட்டாயம் பாருங்கள். இலவசமும் திறமூலமும் ஒன்றல்ல. ஓப்பன்எம்எஸ், ஸ்கைலைன், எக்ஸ்சிஎம்எஸ் ஆகியவற்றின் நிரல் திறந்தே இருக்கிறது. எம்எஸ்ஃபிராகர் கல்வி ஆய்வுக்கு இலவசம்; நிறுவனப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வேண்டும். டயா-என்என்னின் புதிய பதிப்புகளும் அப்படித்தான். நிறுவனத்தின் கணினியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்தந்தப் பதிப்பின் உரிமத்தை எடுத்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பதிப்பு எண்ணைக் குறித்துவைப்பதும் இதோடு சேர்ந்தது. ஆய்வு நடுவில் பதிப்பை மாற்றினால் பழைய கோப்புகளையும் புதிய பதிப்பிலேயே மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

மலர்விழி_உயிர்வேதி

13 பிபிஎம் என்றால் கதிர் போட்ட கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அந்தப் புரதம் உங்கள் கருதுகோளுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். அதன் வேறு இரண்டு மூன்று பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்து, ஐசோடோப்பு ஏற்றிய செயற்கைப் பெப்டைடுகளோடு பிஆர்எம் (தேர்ந்த பெப்டைடுகளை மட்டும் குறிவைத்து அளக்கும் முறை) ஓட்டுங்கள். இருந்தால் தெரிந்துவிடும்.

கதிர்_மாஸ்ஸ்பெக்

கட்டுரை அனுப்பும்போது புரதத்தின் ரா கோப்புகளைப் பிரைடு பொதுக் களஞ்சியத்திலும், மற்றதை மெட்டபாலைட்ஸ் (MetaboLights) களஞ்சியத்திலும் போட்டுவிடுங்கள். மேக்ஸ்குவான்ட்டின் அமைப்புகளைக் கொண்ட எம்கியூபார் கோப்பு, ஃபிராக்பைப்பின் ஒர்க்ஃப்ளோ கோப்பு, எக்ஸ்சிஎம்எஸ் நிரல், தேடிய அதே ஃபாஸ்டா எல்லாம் கூடவே போகட்டும். ஃபாஸ்டாவை மறந்துவிடுவார்கள், யூனிபுராட் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால் பிறகு தேடினால் அதே கோப்பு கிடைக்காது. பிஆர்எம் ஓட்டினால் அந்த ஸ்கைலைன் ஆவணத்தைப் பனோரமா இணையத் தளத்தில் ஏற்றலாம். மதிப்பாய்வாளர் பீக்குகளை அங்கேயே திறந்து பார்த்துக்கொள்வார்.